வாசகர் கேள்வி: ஒரு தொகுதிக்கு எத்தனை பேர்?

தொகுதி மறுவரையறை, அதாவது கணக்கெடுப்பின்படி தொகுதிகளின் எண்ணிக்கையையும் எல்லைகளையும் மாற்றி அமைப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை எண்ணிக்கை சார்ந்தவை. தொகுதிக்கு இத்தனை பேர் என்ற அளவு எங்கிருந்து வருகிறது, அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள், கணக்கு சரியாக இருந்தும் ஊர்கள் ஏன் சிதறுகின்றன என்பதற்கெல்லாம் முடிந்தவரை கணக்கைப் போட்டுக்காட்டியே பதில் சொல்லியிருக்கிறோம்.

எம்.பி. தொகுதி ஒன்றில் இத்தனை லட்சம் பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதா?
– வாசகர், திண்டிவனம்

முன்பு எழுதியிருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 81-ஆவது பிரிவு, மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் எண்ணாகவே சொன்னது. 5 லட்சம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கை மீறி உறுப்பினர்களைக் கூட்டக் கூடாது. 7.5 லட்சம் பேருக்கு ஒருவர் என்ற கணக்குக்குக் கீழே குறைக்கவும் கூடாது. மக்களவையில் உறுப்பினர்கள் 500 பேருக்கு மேல் இருக்கவும் கூடாது.

மக்கள்தொகை வளர்ந்தால் இந்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று முட்டும். 1951 கணக்கெடுப்பிலேயே முட்டிவிட்டன. அப்போது நாட்டின் மக்கள்தொகை 36.1 கோடி. அதை 500-ஆல் வகுத்தால் 7.22 லட்சம். ஓர் உறுப்பினருக்கு 7.5 லட்சம் பேர் என்ற உச்சவரம்பைச் சராசரியே உரசி நிற்கிறது. சராசரிக்கு மேல் ஒரு தொகுதிக்கு மிஞ்சிய இடம் 28,000 பேருக்குத்தான், அதாவது 4 சதவீதத்துக்கும் குறைவு. மாவட்ட எல்லை, ஆறு, மலை இவற்றையும் மதித்துக்கொண்டு அந்த இடுக்குக்குள் நாட்டின் எல்லாத் தொகுதிகளையும் அடக்க முடியாது. அதனால் 1952-இல் நிறைவேறி 1953 மே 1-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது திருத்தம் 7.5 லட்சம் என்ற உச்சவரம்பை நீக்கியது. 1956-இல் ஏழாவது திருத்தம் அந்தப் பிரிவையே மாற்றி எழுதியது. 5 லட்சமும் அதோடு போனது.

இப்போது இருப்பவை இரண்டு விகித விதிகள். ஒன்று, மாநிலத்தின் மக்கள்தொகைக்கும் அதற்குக் கிடைக்கும் இடங்களுக்கும் உள்ள விகிதம் எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மற்றொன்று, ஒரு மாநிலத்துக்குள் எல்லாத் தொகுதிகளுக்கும் அந்த விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் 'நடைமுறையில் இயன்ற அளவு' என்ற தளர்வு உண்டு. இந்த இரண்டு விதிகளும் வேறு வேறு வேலைகள் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் எளிதாகப் புரியும். மேடைகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பேசுகிறார்கள்.

பத்து சதவீதம் கூடலாம், குறையலாம் என்கிறார்களே, அது எதிலிருந்து பத்து சதவீதம்? தமிழ்நாட்டுக்குக் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

முதலில் ஒன்று: அந்தப் பத்து சதவீதம் அரசியலமைப்பிலும் இல்லை, 2002-ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறைச் சட்டத்திலும் இல்லை. அந்தச் சட்டப்படி எல்லைகளை வரைந்த, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம் தன் வேலைக்கு வகுத்துக்கொண்ட வழிகாட்டு நெறி அது. மீறினால் சட்டமீறல் ஆகாது. நம் முறையின் பெரிய ஓட்டை இதுதான் என்பது எங்கள் கருத்து.

இனி கணக்கு. அந்த ஆணையம் எடுத்துக்கொண்டது 2001 கணக்கெடுப்பு. தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6,24,05,679. சட்டமன்ற இடங்கள் 234. வகுத்தால் 2,66,691. இதுதான் மாநிலச் சராசரி. பத்து சதவீதம் கழித்தால் 2,40,022, கூட்டினால் 2,93,360. சட்டமன்றத் தொகுதி ஒவ்வொன்றும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே விழ வேண்டும். மக்களவைக்கு 39-ஆல் வகுத்தால் 16,00,146. அதன் வரம்பு 14.40 லட்சம் முதல் 17.60 லட்சம் வரை.

அடுத்த படி மாவட்டம். மாவட்ட மக்கள்தொகையை மாநிலச் சராசரியால் வகுத்து, அரைக்கு மேல் வந்தால் கூட்டியும் கீழே வந்தால் விட்டும் முழு எண்ணாக்குவது பொது வழக்கம். சென்னை 43,43,645. வகுத்தால் 16.29, ஆகவே 16 தொகுதிகள். அதற்கு முன் சென்னைக்கு 14 தான். நீலகிரி 7,62,141. வகுத்தால் 2.86, ஆகவே 3. உங்கள் கன்னியாகுமரி 16,76,034. வகுத்தால் 6.28, ஆகவே 6. அங்கே முன்பு 7 இருந்தன. திருவட்டாறு தொகுதி காணாமல் போனது இந்தத் தசமப் புள்ளியில்தான்.

மூன்றாவது படி, சட்டமன்றத் தொகுதிகளைக் கோத்து மக்களவைத் தொகுதி ஆக்குவது. ஒரு சட்டமன்றத் தொகுதி முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள் அடங்க வேண்டும் என்பது சட்டம். 234-ஐ 39-ஆல் வகுத்தால் ஆறு. எனவே ஆறாறாகக் கோக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆறும் சரியாக வந்ததால் மாவட்டமே ஒரு மக்களவைத் தொகுதி ஆனது. சராசரியைவிட 4.7 சதவீதம் அதிகம், வரம்புக்குள் இருக்கிறது. இப்படி வாய்த்த மாவட்டங்கள் குறைவு. நீலகிரியில் மூன்றுதான். மீதி மூன்றுக்கு மலையிறங்கி மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் என்று, இன்று மூன்று மாவட்டங்களில் உள்ள தொகுதிகளை எடுக்க வேண்டியிருந்தது. சென்னைக்கு 16. மூன்று மக்களவைத் தொகுதிகளுக்கு 18 வேண்டும். அதனால் வடசென்னையில் திருவொற்றியூரும் தென்சென்னையில் சோழிங்கநல்லூரும் சேர்ந்தன.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கென்று எம்.பி. தொகுதி இல்லாமல் போனது ஏன்? மக்கள்தொகை போதவில்லை என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், ஆலங்குடி

உண்மையில்லை. 2001-இல் புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை 14,59,601. மக்களவைத் தொகுதிக்கான கீழ் வரம்பு 14,40,131. மயிரிழையில் என்றாலும் உள்ளேதான் இருக்கிறது. மாவட்டத்துக்குக் கிடைத்த சட்டமன்றத் தொகுதிகளும் சரியாக ஆறு: கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. இந்த ஆறு என்பதிலேயே ஒரு நுணுக்கம் உண்டு. வகுத்தால் வருவது 5.47. ஐந்தாக்கினால் தொகுதிக்குச் சராசரி 2.92 லட்சம், ஆறாக்கினால் 2.43 லட்சம். இரண்டுமே பத்து சதவீத வரம்புக்குள் அடங்குகின்றன. ஆறு கொடுத்தார்கள்.

பிறகு அந்த ஆறும் நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குப் பிரிந்தன. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிராப்பள்ளிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு, விராலிமலை கரூருக்கு. காரணத்தை அக்கம்பக்கத்து மாவட்டங்களில் தேட வேண்டும். சிவகங்கை மாவட்டத்துக்கு வந்தவை 4, இன்னும் 2 வேண்டும். ராமநாதபுரத்துக்கு 4, அங்கேயும் 2 வேண்டும். அதில் ஒன்று விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி, மற்றொன்று அறந்தாங்கி. திருச்சி மாவட்டத்துக்கு 9. அது ஆறின் மடங்கு அல்ல. நான்கு திருச்சித் தொகுதியில் நின்றன, நான்கு பெரம்பலூருக்குப் போயின, மணப்பாறை கரூருக்குப் போனது. இந்தப் பள்ளங்களையெல்லாம் நிரப்பியது நடுவில் இருந்த புதுக்கோட்டை. தன் கணக்கு சரியாக இருந்த மாவட்டம், மற்றவர்களின் மிச்சத்துக்காகக் கூறுபோடப்பட்டது.

மக்கள்தொகை வரம்பு என்பது குறைந்தபட்ச நிபந்தனை மட்டும்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் இல்லை. வரம்புக்குள் அடங்கும் வரைபடங்கள் பல உண்டு. அவற்றில் எதைத் தேர்வது என்பதை எண் சொல்வதில்லை. கச்சிதமான நிலப்பரப்பு, இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி என்று சட்டத்தின் 9-ஆவது பிரிவு பட்டியலிடுகிறது. எது முதலில், எது பின்னே என்று அது சொல்லவில்லை. வரம்புக்குள் இருக்கும் மாவட்டத்தைப் பிரிக்கக் கூடாது என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் புதுக்கோட்டை பிழைத்திருக்கும். அடுத்த சட்டத்தில் அந்த வரியைக் கேட்டு வாங்க வேண்டியது தமிழ்நாட்டு உறுப்பினர்களின் கடமை.

ஆனால் ஒன்று. புதுக்கோட்டையை ஒன்றாக்கக் கேட்பவர்கள், சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் திருச்சிக்கும் குறையும் தொகுதிகள் எங்கிருந்து வரும் என்ற மாற்று வரைபடத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அது இல்லாத கோரிக்கை உணர்ச்சியாக மட்டுமே நின்றுவிடும்.

சோழிங்கநல்லூரில் 7 லட்சம் வாக்காளர்கள், துறைமுகத்தில் 2 லட்சம்கூட இல்லை. பத்து சதவீத வரம்பு என்ன ஆனது?
– வாசகர், மேடவாக்கம்

வரம்பு 2001-லேயே நின்றுவிட்டது. 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த எல்லைகள் 2001 மக்கள்தொகையை வைத்து வரைந்தவை. அன்று பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்தில் இருந்த ஊர்கள் இன்று இல்லை. 2021 தேர்தலின்போது சோழிங்கநல்லூரில் ஏறத்தாழ 6.9 லட்சம் வாக்காளர்கள், துறைமுகத்தில் சுமார் 1.76 லட்சம். நான்கு மடங்கு வித்தியாசம். துறைமுகத்து வாக்காளர் ஒருவரின் வாக்குக்கு இருக்கும் எடையில் கால் பங்குதான் மேடவாக்கத்தில் உள்ள உங்கள் வாக்குக்கு.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். வரம்பு மக்கள்தொகைக்கு. நீங்கள் சொல்வது வாக்காளர் எண்ணிக்கை. குழந்தைகளும், ஊரில் பெயர் வைத்துக்கொண்டு இங்கே வேலை செய்பவர்களும் முதல் கணக்கில் வருவார்கள், இரண்டாவதில் வர மாட்டார்கள். ஆகவே உண்மையான மக்கள்தொகை வித்தியாசம் இதைவிடக் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்.

இதைச் சரிசெய்ய தமிழ்நாட்டின் 39 இடங்களைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. 2002-க்குப் பிறகு நடந்ததே அதுதான்: 84-ஆவது, 87-ஆவது திருத்தங்கள் மாநிலங்களின் இட எண்ணிக்கையை 1971-லேயே நிறுத்தி வைத்து, உள் எல்லைகளை மட்டும் 2001 கணக்கில் மாற்றச் சொல்லின. அதே வழியைக் கணக்கெடுப்புதோறும் திறந்து வைத்திருந்தால் சோழிங்கநல்லூர் இப்படி வீங்கியிருக்காது. மாநிலங்களுக்கு இடையிலான பங்கீடு என்ற பெரிய தகராறுக்காக, தகராறே இல்லாத உள் எல்லைச் சீரமைப்பையும் பூட்டி வைத்தது வீண் பிடிவாதம்.

லட்சத்தீவில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. அங்கே எப்படி ஒரு எம்.பி.?
– வாசகர், காயல்பட்டினம்

2011-இல் அங்கே 64,473 பேர். யூனியன் பிரதேசங்களின் பிரதிநிதித்துவம் நாடாளுமன்றம் தனிச் சட்டத்தால் முடிவு செய்வது. மாநிலங்களுக்கான விகித விதி அவற்றுக்குப் பொருந்தாது. சிறிய மாநிலங்களுக்கும் விலக்கு உண்டு: 60 லட்சத்தைத் தாண்டாத மாநிலத்துக்கு விகித விதி பொருந்தாது என்று 1973-இல் வந்த 31-ஆவது திருத்தம் சொல்கிறது. சுமார் 6.1 லட்சம் பேர் உள்ள சிக்கிமுக்கு ஒன்று, 14.6 லட்சம் பேர் உள்ள கோவாவுக்கு இரண்டு என்பது இப்படித்தான். இமாச்சலப் பிரதேசம் 2001-இலேயே 60 லட்சத்தைக் கடந்துவிட்டது. எனவே புதிய பங்கீடு வரும்போது அதற்கு இந்தக் குடை இல்லை.

புதிய கணக்கெடுப்பில் பங்கிட்டால் தமிழ்நாட்டுக்கு எத்தனை குறையும்? ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்.
– ஆசிரியர், ஈரோடு

எந்தக் கணக்கெடுப்பு, மொத்த இடம் எத்தனை என்ற இரண்டையும் சொல்லாமல் யார் சொல்லும் எண்ணையும் ஏற்காதீர்கள். எண்கள் மாறுவது அதனால்தான்.

மொத்தம் 543 என்றே வைத்து 2011 கணக்கில் போடுவோம். நாடு 121 கோடி. ஓர் இடத்துக்கு 22.3 லட்சம். தமிழ்நாடு 7.21 கோடி. வகுத்தால் 32.3. சிறிய மாநிலங்களுக்கான விலக்கு இதைச் சற்று அசைக்கும், ஆனால் 32 என்ற சுற்றளவை விட்டு வெகுதூரம் போகாது. அதாவது ஏழு இடங்கள் குறையும். மொத்தத்தைக் கூட்டினால் தமிழ்நாட்டுக்கும் எண்ணிக்கை கூடத்தான் செய்யும், பங்கு மட்டும் 7.2 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்தை ஒட்டி இறங்கும். அவையில் வாக்கெடுப்பு நடக்கும்போது எடை காட்டுவது பங்குதான். எனவே 'ஒரு இடம்கூடக் குறையாது' என்ற உறுதிமொழியைக் கேட்டால், பங்கு குறையுமா என்று திருப்பிக் கேளுங்கள்.

புதிய பங்கீடு வேண்டும் என்கிற எதிர்த் தரப்பின் வாதமும் எண்ணில்தான் நிற்கிறது. 1971 கணக்கில் தமிழ்நாட்டில் ஓர் எம்.பி.க்கு 10.6 லட்சம் பேர், ராஜஸ்தானில் 10.3 லட்சம். கிட்டத்தட்டச் சமம். 2011-இல் தமிழ்நாட்டில் 18.5 லட்சம், கேரளத்தில் 16.7, உத்தரப் பிரதேசத்தில் 25, ராஜஸ்தானில் 27.4. ராஜஸ்தான் வாக்காளரின் குறையும் உண்மையான குறைதான். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காக நடத்திய மாநிலத்தைத் தண்டிக்கக் கூடாது என்பதும் உண்மையான நியாயம். 1976-இல் 42-ஆவது திருத்தம் 1971 எண்ணைப் பூட்டியது இந்த இரண்டாவது நியாயத்துக்காக. 2026-க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரை என்று 84-ஆவது திருத்தம் பூட்டை நீட்டித்தது. கணக்கெடுப்பின் அடிப்படைத் தேதி 2027 மார்ச் 1 என்று அரசு அறிவித்ததும் இந்தப் பேச்சு சூடுபிடித்தது அதனால்தான்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய அனுபவமும் அல்ல. 1962 தேர்தலில் 41 இடங்கள். 1967-இல் 39. அன்று போன இரண்டு திரும்பவே இல்லை.

ஜம்மு–காஷ்மீரில் மக்கள்தொகை விதியைப் பின்பற்றவில்லை என்ற புகார் சரியா?
– வாசகர், வேலூர்

நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் ஆணையம் 2022-இல் 90 சட்டமன்ற இடங்களில் 43-ஐ ஜம்முவுக்கும் 47-ஐக் காஷ்மீருக்கும் கொடுத்தது. 2011 மக்கள்தொகையில் தொகுதிக்கு ஜம்முவில் ஏறத்தாழ 1.25 லட்சம், காஷ்மீரில் 1.46 லட்சம். மொத்தச் சராசரி 1.36 லட்சம். இரண்டு பகுதிச் சராசரிகளும் பத்து சதவீத வரம்புக்குள்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்று முழுவதும் கீழ்ப்பக்கம், மற்றொன்று முழுவதும் மேல்பக்கம். மாவட்டங்களை மலை, மலையும் சமவெளியும், சமவெளி என்று மூன்றாகப் பிரித்து, கடினமான நிலத்துக்குச் சிறிய தொகுதி என்பது ஆணையத்தின் விளக்கம்.

வரம்பு அகலமாக இருந்தால் என்ன செய்யலாம் என்பதை இது காட்டுகிறது. கழித்தல் பக்கத்தை ஒரு வட்டாரத்துக்கும் கூட்டல் பக்கத்தை இன்னொன்றுக்கும் கொடுத்தால், எந்த விதியையும் மீறாமலே இடங்கள் நகர்ந்துவிடும். தொகுதிவாரி வரம்போடு வட்டார அளவிலும், உதாரணமாக 3 சதவீதம் என்று, இரண்டாவது வரம்பு ஒன்று வைத்தால்தான் இதைத் தடுக்கலாம்.

பிரிட்டனில் ஐந்து சதவீதம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. இந்தியாவும் அப்படிச் செய்தால் என்ன?
– வாசகி, லண்டன்

செய்யலாம். விலையையும் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். அங்கே 650 இடங்கள். 2020 மார்ச் வாக்காளர் பட்டியலை வைத்து வந்த சராசரி 73,393. ஐந்து சதவீதம் என்றால் 69,724-க்குக் குறையவும் 77,062-ஐத் தாண்டவும் கூடாது. 2024 ஜூலைத் தேர்தல் இந்த எல்லைகளில் நடந்தது. விலக்கு ஐந்து தொகுதிகளுக்கு, எல்லாம் தீவுகள். அதில் வைட் தீவு சுவையானது: ஒரே தொகுதியாக 1.1 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்களுடன் இருந்ததை இரண்டாக்கினார்கள். மேலும் 12,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டும் தொகுதி கீழ் வரம்புக்கும் கீழே இறங்கலாம். 13,000-ஐ எந்தத் தொகுதியும் தாண்டக் கூடாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அடிப்படை அலகில். வரம்பின் முழு அகலம் அங்கே ஏழாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். ஒரு வார்டே அதைவிடப் பெரிதாக இருந்தால், சேர்த்தால் மிஞ்சும், விட்டால் குறையும். வார்டை உடைக்க வேண்டிவரும். ஒரு தொகுதியைச் சரிசெய்தால் அடுத்தது கலையும், அதைச் சரிசெய்தால் அதற்கடுத்தது. சில ஆயிரம் பேருக்காக ஒரு மாவட்டம் முழுதும் எல்லை மாறும். கனடா மாகாணச் சராசரியிலிருந்து 25 சதவீதம் வரை அனுமதிப்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. அமெரிக்கா எதிர் முனை: 1983-இல் நியூ ஜெர்சியின் வரைபடம் ஒரு சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசத்துக்காக உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. எண் கச்சிதமாக இருந்தும் கட்சிக்காக வளைத்த எல்லைகள் அங்கே ஏராளம்.

இந்தியாவுக்குப் பத்து சதவீதமே பொருத்தம் என்று நினைக்கிறோம். அதைச் சட்டத்தில் எழுத வேண்டும், மீறும் ஒவ்வொரு தொகுதிக்கும் காரணத்தை அரசிதழில் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாண மாவட்டத்துக்கு ஒன்பது உறுப்பினர்கள் இருந்தார்கள். இப்போது ஆறு. எந்த விதியால்?
– வாசகர், கோப்பாய்

இலங்கையில், பின்னர் திருத்தப்பட்ட 1978 யாப்பின்படி (அரசியலமைப்பின்படி) 225 பேரில் 29 பேர், கட்சிகளின் நாடளாவிய வாக்கு விகிதத்தில் நிரப்பும் தேசியப் பட்டியல். மீதி 196-இல் மாகாணத்துக்கு நான்கு வீதம் ஒன்பது மாகாணங்களுக்கு 36. எஞ்சிய 160 இடங்கள் பதிவு பெற்ற வாக்காளர் எண்ணிக்கைப்படி மாவட்டங்களுக்குப் பிரியும். மொத்த வாக்காளரை 160-ஆல் வகுத்து வரும் எண்ணால் மாவட்ட வாக்காளரை வகுப்பார்கள். மிச்சம் இருந்தால் பெரிய மிச்சத்துக்கு முதலிடம். அளவுகோல் மக்கள்தொகை அல்ல, வாக்காளர் பட்டியல் என்பதுதான் கவனிக்க வேண்டியது. போரில் இடம்பெயர்ந்தவர்களும் வெளிநாடு போனவர்களும் பட்டியலிலிருந்து நீங்க நீங்க, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2010-இல் 9, 2015-இல் 7, 2024-இல் 6 என்று இறங்கியது.

சுதந்திரத்தின்போது இருந்த பழைய சோல்பரி யாப்பில் அளவுகோல் வேறு. 75,000 பேருக்கு ஓர் இடம், ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் இடம். இரண்டும் சேர்ந்து 95. ஆள் குறைந்த, நிலம் அகன்ற மாகாணங்களுக்கு அந்த நிலக்கணக்கு கைகொடுத்தது. ஆனால் 75,000 என்பது குடியுரிமை பாராத தலைக்கணக்கு. 1948-இல் மலையகத் தமிழர் குடியுரிமை இழந்து, அடுத்து வாக்கையும் இழந்த பிறகும், தலைக்கணக்கில் அவர்கள் எண்ணப்பட்டார்கள். அவர்களைக் காட்டிக் கிடைத்த இடங்களுக்கு அவர்கள் வாக்களிக்க முடியவில்லை. யாரை எண்ணுவது என்ற கேள்வியை விட்டுவிட்டு எத்தனை பேர் என்று மட்டும் விதி செய்தால் நேரும் அநீதிக்கு இதைவிடக் கொடிய உதாரணம் தெற்காசியாவில் கிடையாது.

தனித் தொகுதிகளின் எண்ணிக்கைக்கும் இதே கணக்கா?
– வாசகர், சிதம்பரம்

ஆம், விகிதம்தான். 2001-இல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 1,18,57,504, அதாவது 19 சதவீதம். 234-இல் 19 சதவீதம் 44.46, ஆகவே 44. 39-இல் 7.41, ஆகவே 7: திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், உங்கள் சிதம்பரம், நாகப்பட்டினம், நீலகிரி, தென்காசி. பழங்குடியினர் 6,51,321, ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். சட்டமன்றத்தில் 2.44, ஆகவே ஏற்காடும் சேந்தமங்கலமும். மக்களவையில் 0.41, ஆகவே ஒன்றும் இல்லை. எந்தத் தொகுதி என்பதற்கு, பழங்குடியினர் விகிதம் மிக அதிகமான இடங்கள் நேராக ஒதுக்கப்படும். பட்டியல் சாதியினருக்கு விகிதம் அதிகமாகவும் இருக்க வேண்டும், மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவியும் இருக்க வேண்டும்.

வரைவு வெளியானால் எங்கள் ஊரை வேறு தொகுதியில் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்க நினைக்கிறோம். எப்படி எழுதினால் எடுபடும்?
– கிராமப் பொதுமக்கள் சார்பில், கறம்பக்குடி

2002 சட்டத்தின் நடைமுறை இது. வரைவு அரசிதழ்களில் வரும். மாநிலத்துக்கு ஐந்து எம்.பி.க்களும் ஐந்து எம்.எல்.ஏ.க்களும் இணை உறுப்பினர்கள். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் அவர்கள் மாற்றுக் கருத்து சொல்லி, அதை வெளியிடவும் விரும்பினால், அது வரைவோடு சேர்ந்தே வெளியாகும். ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசித் தேதி குறிப்பார்கள். அதன் பிறகு பொது அமர்வு. இறுதி ஆணை வந்த பிறகு எழுத்துப்பிழை போன்றவற்றைத் தேர்தல் ஆணையம் திருத்தலாமே தவிர, உங்கள் ஊரை வேறு தொகுதிக்கு மாற்ற முடியாது. ஆகவே அந்த இடைவெளிதான் உங்கள் நேரம்.

வரைவில் உங்கள் தொகுதியின் விவரிப்பை முதலில் வரிவரியாகப் படியுங்கள். வட்டம் முழுதுமா, வட்டத்தின் பகுதியா, பகுதி என்றால் எந்தெந்த வருவாய்க் கிராமங்கள் என்று பெயர் வாரியாக இருக்கும். மனுவில் ஊராட்சிப் பெயரை எழுதினால் பயனில்லை. வருவாய்க் கிராமப் பெயரையே, கணக்கெடுப்பில் உள்ள எழுத்திலேயே எழுதுங்கள். கணக்கெடுப்புக்குப் பிறகு பிரிந்த புதிய கிராமமானால், தாய்க் கிராமத்தின் பெயரையும் குறிப்பிடுங்கள்.

அடுத்து எண். வாக்காளர் பட்டியலை மேற்கோள் காட்டாதீர்கள், ஆணையம் எடுத்துக்கொண்ட கணக்கெடுப்பின் மக்கள்தொகையைப் போடுங்கள். பெரும்பாலான மனுக்கள் விழுவது இங்கேதான். உதாரணத்துக்கு, வரம்பு 2,40,022 முதல் 2,93,360 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் சேர விரும்பும் தொகுதியில் ஏற்கனவே 2,88,000 பேர். உங்கள் கிராமங்களில் 9,000. சேர்த்தால் 2,97,000. வரம்பு தாண்டியது, மனு முடிந்தது. அதே அளவு மக்கள் உள்ள வேறு கிராமங்களை அங்கிருந்து இங்கே மாற்றலாம் என்று ஈடும் சேர்த்துச் சொன்னால்தான் பரிசீலிக்க இடம் உண்டு. நீங்கள் வெளியேறும் தொகுதி கீழ் வரம்புக்குக் கீழே விழாது என்பதையும் அதே பக்கத்தில் காட்டுங்கள்.

மூன்றாவது, தொடர்ச்சி. உங்கள் கிராமத்துக்கும் புதிய தொகுதிக்கும் நடுவே வேறு தொகுதியின் கிராமம் இருந்தால், தீவாக நிற்பீர்கள், ஏற்க மாட்டார்கள். கிராம எல்லை வரைபடத்தில் வண்ணமிட்டு இணையுங்கள். வரைபடத்தில் ஒட்டியிருந்தும் நடுவே பாலமில்லாத ஆறு ஓடுவது உண்டு. அது உங்களுக்குச் சாதகமான வாதமானால், தாலுகா அலுவலகத்துக்குச் சாலைவழித் தூரம் எவ்வளவு, எந்தப் பேருந்துத் தடம் என்று எழுதுங்கள். 'நீண்ட காலமாக இணைந்திருக்கிறோம்' என்ற வாக்கியம் சட்டத்தின் எந்த அளவுகோலிலும் வராது. 'போக்குவரத்து வசதி', 'நிர்வாக எல்லை' இரண்டும் வரும்.

சாதிக் கணக்கையும் கட்சிக் கணக்கையும் மனுவில் எழுதாதீர்கள். நூறு பேர் ஒரே நகலில் கையெழுத்துப் போட்டு அனுப்புவதைவிட, எண்ணும் வரைபடமும் உள்ள ஒரே மனுவை எடுத்துக்கொண்டு அமர்வில் ஒருவர் நேரில் பேசுவது பலன் தரும்.

இறுதி ஆணையை எதிர்த்து நீதிமன்றம் போக முடியுமா?
– வழக்கறிஞர் எழுத்தர், திருத்தணி

அரசியலமைப்பின் 329-ஆவது பிரிவு நீதிமன்றங்களுக்குத் தடை போடுகிறது. ஆணைக்குச் சட்டத்தின் வலு உண்டு, எந்த நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்கக் கூடாது என்று மறுவரையறைச் சட்டமும் சொல்கிறது. 1966-இல் உஜ்ஜைன் தொகுதி தொடர்பான மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. 2024-இல் குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், ஆணை வெளிப்படையாகத் தன்னிச்சையாகவும் அரசியலமைப்பு விழுமியங்களுக்கு ஒவ்வாததாகவும் இருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று கதவைச் சற்றுத் திறந்து வைத்தது. பத்து சதவீத வரம்பு சட்டத்தில் இல்லாதவரை, அதை மீறியதை மட்டும் காட்டி அந்தக் கதவுக்குள் நுழைவது கடினம்.